மறைக்காத செபம்

நோயுற்றோரின் படுக்கையருகே நாம் சொல்லும் செபங்கள் பெரும்பாலும் நல்ல சொற்களால் மட்டுமே நிறைந்துள்ளன. நன்றி, நம்பிக்கை, பொறுமை ஆகியவற்றையே இறைவன்முன் எடுத்து வைக்கிறோம். அடுத்த கட்டிலில் இருந்தவர் குணமடைந்து வீடு திரும்பும்போது எழும் பொறாமையையோ, காண வராத உடன்பிறந்தார்மேல் கொண்ட கசப்பையோ சொல்வதில்லை. பல வாரங்கள் கண்விழித்துப் பணிவிடை செய்பவரின் உள்ளத்தில் ‘இது என்றுதான் முடியுமோ’ என்ற எண்ணம் தோன்றினால், அதை அவர் தமக்கே மறைத்துக்கொள்கிறார். இவற்றை மூடும் போர்வையாகச் செபம் ஆகிவிடலாகாது என்பதே நம் கருத்து.

புனித இஞ்ஞாசியாரின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. 1521-ஆம் ஆண்டு மே மாதம் பம்ப்லோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டு அவருடைய கால் நொறுங்கியது. எலும்பு கோணலாகப் பொருந்தியதால் அதை மீண்டும் உடைத்துச் சேர்த்தார்கள். அப்போதும் முழங்காலுக்குக் கீழே ஓர் எலும்பு துருத்தி நின்றது. அழகிய காலணி அணிய அது தடையாகுமே என்பதற்காக, மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில் அதனை அறுத்தெடுக்கச் செய்தார். முதுமையில் தம் கதையைச் சொன்னபோது இந்த வீண்பெருமையை அவர் ஒளிக்கவில்லை.

லொயோலாவில் படுத்திருந்த மாதங்களில் அவர் தம் நினைவுகளையே கவனித்தார். புகழையும் வீரத்தையும் பற்றிய கனவுகள் முதலில் இனித்து, பின்னர் வறட்சியை விட்டுச் சென்றன. கிறிஸ்துவையும் புனிதர்களையும் பற்றிய நினைவுகளோ அமைதியை விட்டுச் சென்றன. அந்தக் கவனிப்பே, 1548-இல் அச்சான அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலுக்கு வித்தானது. அந்நூல் கற்பிக்கும் ஆன்ம சோதனை ஐந்து படிகள் கொண்டது: நன்றி கூறுதல், தன்னை அறிய அருள் வேண்டுதல், விழித்தது முதல் அந்நாளை நினைத்துப் பார்த்தல், மன்னிப்புக் கேட்டல், திருந்த உறுதிகொள்ளுதல்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ‘என் பாவத்தால்தான் இந்த நோய்’ என்று தம்மைக் குற்றம் சாட்டுவது ஆன்ம சோதனை அன்று. பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைக் குறித்து, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இயேசு அந்த எண்ணத்தையே மறுத்தார் என்று யோவான் நற்செய்தி 9-ஆம் அதிகாரம் கூறுகிறது. தானாக எழும் அச்சமும் சினமும் சோர்வும் பாவங்கள் அல்ல. அவற்றை மறைத்து வைத்தால், அருகில் இருப்பவர்மேல் கடுஞ்சொல்லாக வெளிப்படும்; பெயரிட்டுச் சொன்னாலோ, உதவி கேட்க வழி பிறக்கும்.

ஆகவே இன்றிரவு, விளக்குகள் அணைந்தபின், பத்து நிமிடங்கள் இந்த நாளை இறைவனோடு சேர்ந்து திரும்பிப் பார்ப்போம். சொல்ல வெட்கப்படும் ஒன்றையாவது ஒளிக்காமல் சொல்வோம். பணிவிடை செய்து களைத்தவர் அக்களைப்பையும் சொல்லட்டும். நாளை ஓரிரவேனும் வேறொருவர் கண்விழிக்குமாறு குடும்பத்தாரிடம் கேட்கட்டும். மனச்சுமை பல நாள் நீங்காதிருந்தால் மருத்துவரிடமும் செவிலியரிடமும் அதைத் தெரிவிப்போம். அவர்களிடம் மனம் திறப்பது நம்பிக்கைக் குறைவு ஆகாது.