மூணு முறை ஐவிஎஃப் தோற்றால் பழி கர்ப்பப்பைக்கா?

1/
ஐவிஎஃப்-ல் மூன்றாவது முறையும் கரு ஒட்டவில்லை. அடுத்து பல இடங்களில் சொல்வது இதுதான்: "கரு நல்லாத்தான் இருக்கு. உங்க கர்ப்பப்பைதான் ஏத்துக்கல. ஈஆர்ஏ டெஸ்ட் ஒண்ணு எடுத்துடலாம்." பணம் கட்டும் முன் இந்த இழையைப் படித்துவிடுங்கள்.

2/
கர்ப்பப்பையின் உள்சுவர் எல்லா நாளும் கருவை ஏற்காது. மாதத்தில் சில நாட்கள்தான் கதவு திறந்திருக்கும். அதனால் உறைய வைத்த கருவை வைக்கும்போது, ப்ரொஜெஸ்டிரோன் மருந்து தொடங்கிய நேரத்திலிருந்து கணக்குப் போடுவார்கள். ஐந்து நாள் வளர்ந்த கரு என்றால் வழக்கமாக சுமார் 120 மணி நேரம்.

3/
சிலருக்கு அந்தக் கதவு முன்னே பின்னே திறக்கலாம் என்பதுதான் ஈஆர்ஏ-வின் அடிப்படை. ஸ்பெயினின் வலென்சியாவில் உருவானது. 2011ல் வெளியான முதல் ஆய்வு 238 ஜீன்களைப் பார்த்தது. ஒரு மாதம் கரு வைக்காமல் ஹார்மோன் மட்டும் கொடுத்து, உள்சுவரிலிருந்து துளி சதை எடுத்து அனுப்புவார்கள். "தயார்", "இன்னும் தயாராகல", "நேரம் தாண்டிடுச்சு" என்று ரிப்போர்ட் வரும். அதற்கேற்ப அடுத்த முறை நேரத்தை மாற்றுவார்கள்.

4/
கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் கேள்வி ஒன்றே ஒன்று: நேரத்தை மாற்றி வைத்தால் அதிகக் குழந்தைகள் பிறக்கிறதா?

5/
2022 டிசம்பரில் ஜாமா இதழில் வந்த அமெரிக்க ஆய்வு. குரோமோசோம் சரி என்று பார்த்த கருக்கள், 767 பெண்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு டெஸ்ட் சொன்ன நேரம், மீதிப் பேருக்கு வழக்கமான நேரம். குழந்தை பிறந்தது டெஸ்ட் குழுவில் 58.5%, வழக்கமான குழுவில் 61.9%. டெஸ்ட்டால் கூடுதல் பலன் இல்லை.

6/
"அது பல முறை தோற்றவங்களுக்கான ஆய்வு இல்லையே டாக்டர்?" சரியான கேள்வி. அவர்களுக்குப் பலன் உண்டு என்று உறுதிசெய்த பெரிய ஆய்வும் இல்லை. ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவர் சங்கத்தின் 2023 பரிந்துரை இதை "யோசிக்கலாம்" பட்டியலில்தான் வைத்திருக்கிறது, "செய்யணும்" பட்டியலில் அல்ல.

7/
அப்போ "டெஸ்ட் எடுத்துதான் நின்னுச்சு" என்கிறார்களே? ஒரு கணக்கு போடுவோம். ஒவ்வொரு முறையும் வெற்றி வாய்ப்பு 40% என்று வையுங்கள். எந்தக் கோளாறும் இல்லாத 100 பேரில் முதல் முறை 60 பேருக்கு நிற்காது. இரண்டாம் முறை 36. மூன்றாம் முறையும் 22 பேருக்கு நிற்காது. இவர்கள் எதுவும் மாற்றாமல் நான்காம் முறை போனாலே சுமார் 9 பேருக்கு நிற்கும். நடுவில் டெஸ்ட் எடுத்திருந்தால், பெயர் டெஸ்ட்டுக்குப் போகும்.

8/
கரு ஒட்டாமல் போக முக்கியக் காரணம் பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கோளாறு. பெண்ணின் வயது ஏற ஏற அது கூடும். 40ஐத் தாண்டினால் பாதிக்கு மேல் கருக்களில் இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் அழகாகத் தெரியும் கருவிலும் இருக்கலாம். "கரு நல்லாத்தான் இருக்கு" என்றால், எப்படிப் பார்த்து சொல்றீங்க என்று கேளுங்கள்.

9/
எங்கள் அரசு மருத்துவமனை ஓபிக்குக் கட்டைப்பை நிறைய ரிப்போர்ட்டோடு வருகிறார்கள். நகை அடகில் இருக்கும். அதைவிடக் கனமானது அந்த ஒரு வார்த்தை: "ஏத்துக்கல." டாக்டர் சொன்னது வீட்டுக்குப் போனதும் "இவ வயித்துலதான் குறை" என்று ஆகிவிடும். நிரூபணமாகாத ஒன்றுக்காக ஒரு பெண் ஆயுசுக்கும் பழி சுமக்கிறாள்.

10/
பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை:
• இதுவரை வைத்த கருக்கள் எத்தனை, எத்தனையாம் நாள் கரு, என்ன கிரேடு? எழுத்தில் கொடுங்க.
• கர்ப்பப்பைக்குள் பாலிப், ஒட்டுதல், காசநோய் பாதிப்பு பார்த்தாச்சா? கருக்குழாயில் நீர் கோத்திருக்கா?
• தைராய்டு, சர்க்கரை பார்த்தாச்சா?
• கணவருக்கு என்னென்ன பார்த்தீங்க? இருவருக்கும் குரோமோசோம் டெஸ்ட் தேவையா?
• ஈஆர்ஏ எடுத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு எவ்வளவு கூடும்? எண்ணாகச் சொல்லுங்க.

11/
டெஸ்ட்டே எடுக்காதீங்க என்று நான் சொல்லவில்லை. மற்றதெல்லாம் பார்த்தாச்சு, பலன் உறுதியில்லை என்றும் தெரியும், இருந்தாலும் எடுத்துப் பார்க்கிறேன் என்றால் அது உங்கள் உரிமை. ஆனால் "பலன் நிரூபிக்கப்படவில்லை" என்ற வரி, நீங்கள் கையெழுத்துப் போடும் படிவத்தில் தமிழில் இருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை.

12/
நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்வார். கேட்டாலே கோபப்படும் இடத்தில் இன்னொரு கருவை வைக்க அவசரப்படாதீர்கள்.