காஜா பெராங்கில் கேட்ட கேள்வி

நம் கழகத்தின் மலாக்கா பயண நிரலில் ஒரு வரி இருந்தது: "பிற்பகல் 2.00 – தாய்மொழியை இழந்த தமிழர்களைச் சந்தித்தல், கம்போங் செட்டி". பேருந்தில் அதை வாசித்தபோது எனக்கு உறுத்தவில்லை. திரும்பி வரும்போது உறுத்தியது.

காலைப் பொழுது வழக்கம்போல் ஆற்றங்கரையில் கழிந்தது. படகுச் சவாரி, செண்டோல், சிவப்புக் கட்டடத்தின் முன் படம். யுனெஸ்கோ 2008இல் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்த நகரமாயிற்றே, கூட்டத்திற்குக் குறைவில்லை. "இந்தச் சின்ன ஆற்றை நம்பியா இவ்வளவு பெரிய துறைமுகம்?" என்று முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவன் கேட்டான். கடலைத் தூர்த்து நிலமாக்கியதில் பழைய கரை ஊருக்குள் ஒதுங்கிவிட்டது. அவன் ஐயம் நியாயமானதே. ஆனால் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்த போர்த்துகீசியர் தோமே பிரெஸ், இத்துறைமுகத்தில் 84 மொழிகள் ஒலித்ததாக எழுதியிருக்கிறார். பழவேற்காட்டுத் துணிகளோடு வந்த நம்மவர் மொழியும் அவற்றுள் ஒன்று. 1511இல் நகரைக் கைப்பற்றிய போர்த்துகீசியர், நைனா சாட்டு என்ற இந்து வணிகரைப் பெண்டஹாரா பதவியில் அமர்த்தினார்கள். அந்த அளவுக்குச் செல்வாக்கு!

வந்த வணிகர்கள் காற்று திசை மாறும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தவர்களில் பலர் இங்கேயே பெண்ணெடுத்தார்கள். பிள்ளைகள் அம்மாவின் மொழியைப் பேசின. தாய்மொழி என்ற சொல்லை நேர்ப்பொருளில் எடுத்தால், அவர்கள் எதையும் இழக்கவில்லை என்றுகூட வாதிடலாம். அந்த வழித்தோன்றல்களே மலாக்கா செட்டிகள். (நகரத்தார் வேறு, இவர்கள் வேறு. எங்கள் பேருந்திலேயே பாதிப் பேர் குழம்பினார்கள்.) பொற்கொல்லர் தெருவில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இவர்கள் முன்னோர் கட்டியது.

பழைய நகரிலிருந்து காஜா பெராங் நடக்கும் தூரந்தான். வாசலில் மாவிலைத் தோரணம், நெற்றியில் திருநீறு, உடலில் சாரோங் கெபாயா, வாயில் மலாய். ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த மூதாட்டியிடம் நம் தோழி ஒருத்தி மலாயில் கேட்டாள்: "நீங்கள் ஏன் தமிழ் பேசுவதில்லை, பாட்டி?" கேட்டவிதத்தில் கொஞ்சம் இரக்கம், கொஞ்சம் குற்றச்சாட்டு.

பாட்டி கோபப்படவில்லை. பொங்கலுக்கு முதல் நாள் நடக்கும் போகிப் பார்ச்சு பற்றிச் சொன்னார். முன்னோர்களுக்கு வாழையிலையில் படையல். நாசி லெமாக்கும் உண்டு. போனவர்களில் யாருக்கு எது பிடிக்குமோ அது இலையில் இருக்க வேண்டும். அப்புறம் அவர் கேட்டார்: "உன் பூட்டனுக்கு என்ன பிடிக்கும்?"

தோழி விழித்தாள். பூட்டனின் பெயரே அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பேருந்தில் வந்த முப்பது பேரில் நால்வர்தாம் பெயரைச் சொன்னார்கள்.

மொழி போனது இழப்பே. அதை நான் மறுக்கவில்லை. தமிழ் அறியாமல் தமிழ்ப் பெயரை மட்டும் சுமப்பது எளிதன்று என்பதைப் பாட்டியே ஒப்புக்கொண்டார். ஆனால் நம் செயலவைக் கூட்டங்களில் தமிழ் வாழ்த்து முடிந்ததும் நாம் எந்த மொழிக்குத் தாவுகிறோம் என்பதை உறுப்பினர்கள் அறிவார்கள். தமிழ்ப்பள்ளியும் நாளிதழும் வானொலியும் இருக்கும்போதே நம் நிலை இது. இவை எதுவும் இல்லாத காலத்திலிருந்து பல தலைமுறைகளாகப் போகியையும் மாரியம்மனையும் விடாமல் வைத்திருப்பவர்களிடம் நாம் அனுதாபத்தோடு போய் நின்றோம். கூச்சமாக இருக்கிறது.

அடுத்த ஆண்டுச் செயலவைக்கு என் வேண்டுகோள் இரண்டு. அந்த வரியை நிரலிலிருந்து நீக்குங்கள். பயணத்தையும் போகியன்று வையுங்கள். ஆற்றுக்கு ஒரு மணி நேரம் போதும், மீதி நேரம் காஜா பெராங்கிற்கு. அதற்குள் நான் அப்பாவிடம் கேட்டு, பூட்டனின் பெயரையாவது தெரிந்துகொள்கிறேன்.