மாறும் விகிதத்துக்கும் காவல் வேண்டும்

வரி விகிதம் சட்டத்தால் மாறுவதால், நிரலில் அதை மாறிலியாக, அதாவது ஒருமுறை மதிப்பளித்தபின் மாற்ற இயலாத பெயராக, அறிவிப்பது வீண் என்னும் வாதம், சட்டத்தின் மாற்றத்தையும் கைத்தவறையும் ஒன்றாகக் குழப்புகிறது. களியக்காவிளை எல்லைக்கு அப்பால் கேரளம் பல பொருள்கள்மீது விதித்த ஒரு விழுக்காட்டு வெள்ள மேல்வரி, 2019 ஆகஸ்டு 1 முதல் 2021 ஜூலை 31 வரை, நாள் குறித்தே வந்து போனது. நிரலை அறிந்தே திருத்த அவகாசம் இருந்தது. சி மொழியில் மேல்வரி ஒன்றா என்று சோதிக்கும் இரட்டைச் சமக்குறியில் ஒன்று விடுபட்டாலோ, சோதனையே மதிப்பேற்றமாகி, தமிழகப் பக்கத்து விற்பனைச் சீட்டிலும் அவ்வரி ஓசையின்றி ஏறிவிடும். மாறிலியைக் குறிக்கும் ‘கான்ஸ்ட்’ என்னும் சொல்லோடு அறிவித்திருந்தால், நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பியே அதைப் பிழையென நிறுத்தும். பெயரைப் பெரிய எழுத்தில் எழுதும் பைதான் வழக்கமோ (பலர் பெரிதும் நம்பும் சடங்கு அது) எதையும் தடுப்பதில்லை.