கம்பு யார் தெருவில் சுழல்கிறது?

சிலம்பத்துக்கு இது நல்ல காலம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அது செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டிலும் சேர்ந்துவிட்டது. பள்ளி ஆண்டுவிழா, கட்சி மாநாடு, அமைச்சர் வரவேற்பு என எங்கும் கம்பு சுழல்கிறது. ‘தமிழரின் வீரக்கலை’ என்று ஒலிபெருக்கி அறிவித்ததும் கூட்டம் கைதட்டுகிறது. எந்தத் தமிழரின் கலை, அது எந்தத் தெருவில் கற்றுத் தரப்படுகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

என் முனைவர் பட்ட ஆய்வுக்காகத் திருச்செந்தூர் முதல் மணப்பாடு வரையிலான கரையோர ஊர்களுக்கு ஓராண்டுக்கும் மேலாகப் போய்வருகிறேன். நடுவில் இருப்பது குலசேகரன்பட்டினம். மீன்பிடிக் குப்பங்கள், பனங்காடு, முஸ்லிம் தெருக்கள், அவற்றிலிருந்து சற்றுத் தள்ளி ‘காலனி’ என்று பெயர் வாங்கிய தலித் குடியிருப்புகள் என்று அடுக்கடுக்காக அமைந்த நிலம் இது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இந்த ஊர்களின் ஏதாவது ஒரு வெட்டவெளியில் பிள்ளைகள் கம்போடு நிற்கிறார்கள். நான் போன கூடங்களில் பெரும்பாலானவை ஒரு தெருவின் நடுவே, அந்தத் தெருவாரின் கோயிலை ஒட்டியே இருந்தன. அங்கே சேருவதற்கு எந்தத் தடையும் எழுதி ஒட்டப்படவில்லை. “யாரும் வரக்கூடாதுன்னு நாங்க சொல்லலியே எம்மா” என்றார் ஓர் ஆசான். அவர் பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை, அவ்வளவுதான். இருட்டிய பிறகு அந்தத் தெருவுக்குள் தனியாக நடந்து வரக்கூடாது என்பது காலனிச் சிறுவனுக்கு வீட்டிலேயே சொல்லப்பட்டிருக்கிறது.

இன்றைய சாதி இப்படித்தான் வேலை செய்கிறது. நுழைவாயிலில் காவல் நிற்பதில்லை. களம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே காவலாகிவிடுகிறது.

சிலம்பம் கற்கும் முறையைத் தெரிந்துகொண்டால் இதன் கனம் புரியும். முதலில் கம்பே கையில் தரமாட்டார்கள். காலடி மட்டும்தான். பல நாட்கள் சுவடு வைத்துப் பழகிய பிறகு, நெற்றி உயரக் கம்பு ஒன்று கைக்கு வரும். வீச்சு, அடிவரிசை எல்லாம் தனியாகச் செய்துவிடலாம். அதற்கு மேல் போக எதிரே ஓர் ஆள் வேண்டும். அவர் என் தலைக்குக் கம்பை ஓங்க வேண்டும். நான் தடுக்கத் தவறினால் ஒரு விரல் இடைவெளியில் நிறுத்தவும் வேண்டும். என் உடலை அவரிடமும் அவர் உடலை என்னிடமும் நம்பி ஒப்படைக்காமல் இந்தக் கலையில் அடுத்த படி கிடையாது. போட்டியில் புள்ளி கணக்கிடுவதும் தொடுதலை வைத்துத்தான். கம்பின் நுனி எதிராளியின் உடலில் பட வேண்டும். அந்தக் காலத்தில் நுனியில் பொடியையோ மையையோ தடவி, மேலில் விழுந்த தடங்களை எண்ணுவார்களாம்.

தொடாதே என்பது சாதியின் முதல் விதி. தொட்டால்தான் புள்ளி என்பது சிலம்பத்தின் விதி. இரண்டும் ஒரே களத்தில் நீண்ட காலம் சேர்ந்திருக்க முடியாது. ஆகவே, களத்தையே சாதிவாரியாகப் பிரித்துவிட்டால் இரண்டு விதிகளும் மோதிக்கொள்ளாமல் பத்திரமாக இருக்கும். தெருவுக்கொரு கூடம் என்ற ஏற்பாடு செய்துவருவது இந்த வேலையைத்தான்.

‘இதெல்லாம் பழங்கதை, இப்போதைய பிள்ளைகள் மாறிவிட்டார்கள்’ என்பவர்கள் தென்மாவட்டச் செய்திகளைத் திரும்பிப் பார்க்கட்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். 2025 மார்ச்சில் இதே தூத்துக்குடி மாவட்டத்தின் ஸ்ரீவைகுண்டம் பகுதியில், பேருந்தில் தேர்வெழுதப் போன 11ஆம் வகுப்பு தலித் மாணவனைக் கீழே இழுத்துப் போட்டு வெட்டினார்கள். அவன் கை விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் அவன் அணி வென்றதுதான் ஆத்திரத்துக்குக் காரணம் என்றார்கள் குடும்பத்தார். விளையாட்டுத் திடலில் ஒரு தலித் சிறுவன் ஜெயிப்பதையே தாங்க முடியாத மனநிலை, அவன் கையில் கம்பைக் கொடுத்துத் தனக்குச் சமமாக எதிரே நிற்க வைக்குமா?

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதல் என்று அதன் பரிந்துரைகள் பேசப்பட்டன. அவற்றுள் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று உண்டு. சாதி, மத உணர்வைப் பரப்பும் அணிவகுப்பு, உடற்பயிற்சி போன்றவற்றுக்குக் கல்வி நிறுவன வளாகங்களை விடக்கூடாது என்பது அது. உடலைப் பழக்கும் இடத்தில்தான் சாதியும் பழக்கப்படுகிறது என்பதை அந்தக் குழு அறிந்திருந்தது. பள்ளி வளாகத்துக்குள் இப்படிக் கேட்கிறோம் என்றால், பள்ளி விட்டதும் அதே பிள்ளைகள் போய் நிற்கும் தெருக் களத்தைப் பற்றியும் கேட்டாக வேண்டும்.

ஆயுதம் யார் கையில் இருக்கலாம் என்பது இந்த மண்ணில் எப்போதும் அரசியல் கேள்விதான். பாளையக்காரர் போர்கள் முடிந்த 1801இல் தென்பகுதி மக்கள் ஆயுதம் வைத்திருக்கக்கூடாது என்று கும்பெனி அரசு பிரகடனம் போட்டது. 1942இல் குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் காவலர்களின் ஆயுதங்களைப் பறிக்க இளைஞர்கள் நுழைந்தபோது லோன் என்ற வெள்ளை அதிகாரி கொல்லப்பட்டார். அந்தச் சதி வழக்கில் இருவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அவர்கள் விடுதலை ஆனார்கள். வெள்ளையர் ஆயுதத்தைப் பறித்தது நம் பாடநூல்களில் இருக்கிறது. அதற்கும் முன்பே வருணமுறை ஒரு பெருங்கூட்டத்தின் கையிலிருந்து ஆயுதத்தைப் பறித்து வைத்திருந்ததை எத்தனை பாடநூல் சொல்கிறது? ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலில், 1936இல், அம்பேத்கர் இதைத்தான் எழுப்பினார். இத்தனை கொடுமைகளையும் எதிர்த்துக் கீழே இருந்தவர்கள் ஏன் கலகம் செய்யவில்லை என்ற கேள்விக்கு, அவர்கள் ஆயுதம் ஏந்தவே அனுமதிக்கப்படவில்லை என்பதைக் காரணமாகச் சொன்னார்.

மீறி ஏந்தியவர்களின் பெயரைக்கூட இந்தச் சமூகம் பொறுத்துக்கொள்வதில்லை. கட்டபொம்மனின் படைத்தளபதியாக நின்றவர் சுந்தரலிங்கம். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு அவர் பெயரைச் சூட்டியது. அந்தப் பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு எடுத்துவிட்டது. செத்து இருநூறு ஆண்டு ஆகப்போகும் ஒரு தளபதி பேருந்தின் நெற்றியில் இருப்பதையே சகிக்காத சமூகத்தில், உயிரோடிருக்கும் ஒரு தலித் ஆசானின் நிலை என்ன?

அப்படி ஆசான்கள் இருக்கிறார்கள். நான் சந்தித்த ஒருவருக்கு வயது அறுபதுக்கு மேல். இரட்டைக் கம்பு, சுருள்வாள், மான்கொம்பு மூன்றிலும் கை தேர்ந்தவர். சுற்று வட்டாரக் கோயில் கொடைகளுக்கு அவர் குழுவைக் கூப்பிடுவார்கள். “கொடைக்குக் கூப்பிடுவாவ. ஆடி முடிச்சா துண்டும் போடுவாவ. அவிய பிள்ளையள எங்கிட்ட படிக்க மட்டும் அனுப்ப மாட்டாவ” என்றார். ஏன் என்று கேட்டேன். “படிக்க வந்தா மொதல்ல கால தொட்டுக் கும்பிடணும்லா எம்மா” என்று சிரித்தார்.

சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கலைஞராக ஒரு தலித்தை ஏற்றுக்கொள்வது சாதிக்குக் கடினமில்லை. பறையை வாசிக்கச் சொன்னதும் கூத்தை ஆடச் சொன்னதும் அதே சாதிதான். ஆசானாக ஏற்பதுதான் கடினம். ஆசான் என்றால் அவர் முன் குனிய வேண்டும். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் தன் கையால் தோளைத் திருப்பி, இடுப்பை அழுத்தி நிலையைச் சரிசெய்வார். அறிவும் அதிகாரமும் தலைகீழாக ஓடும் அந்த உறவைச் சாதிச் சமூகம் அஞ்சுகிறது.

அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. புனேயில் லகுஜி சால்வே என்ற மாங் சாதி மல்லர் ஒரு பயிற்சிக்கூடம் நடத்தினார். அவரிடம் கம்பும் வாளும் கற்ற மாணவர்களில் ஒருவர் ஜோதிராவ் புலே. தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட ஒருவரை ஆசானாக ஏற்றவர்தான் பிறகு தீண்டத்தகாத பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். அந்தப் பள்ளிக்குப் பிள்ளைகளைச் சேர்க்க லகுஜியும் உதவினார். அதில் படித்த முக்தா சால்வே என்ற மாங் சிறுமி, 1855இல் தன் மக்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுதினாள். திருவிதாங்கூரில் அய்யங்காளி 1893இல் வில்லுவண்டி ஓட்டிப் பொதுச்சாலை உரிமையை எடுத்தபோது, அவரைச் சுற்றி அடிமுறை பயின்ற இளைஞர் படை நின்றது. பயிற்சிக்கூடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பொதுச்சாலைக்கும் இடையே ஒரு நேர்வழி உண்டு. அதை அடைத்து வைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆசான் சொல்லை எதிர்த்துப் பேசக்கூடாது என்ற மரபைப் பற்றியும் பேச வேண்டும். ஆபத்தான கலை, ஒழுங்கு தேவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி கேட்காத பணிவு எப்போதும் ஏற்கெனவே இருக்கும் அதிகாரத்துக்கே உதவுகிறது. இன்று சான்றிதழும் போட்டிக்கான பரிந்துரையும் ஆசான் கையில் இருக்கின்றன. அவற்றின் பின்னால் அரசு வேலை இருக்கிறது. யாருக்கு யாரோடு ஜோடி, யார் போட்டிக்குப் போவது, யார் தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது என்பதையெல்லாம் ஒருவரே முடிவு செய்கிறார். வயதுக்கு வந்ததும் பெண் பிள்ளைகள் நின்றுவிடுவதையும் ‘அதுகளுக்கு வீட்டு வேலை இருக்கும்’ என்று அவரே முடித்துவைக்கிறார். சாதியும் ஆணாதிக்கமும் தனித்தனியாக வந்து களத்தைப் பிடிப்பதில்லை. ஆசான் மீதான பக்தி என்ற ஒரே திண்ணையில் இரண்டும் உட்கார்ந்திருக்கின்றன.

குலசேகரன்பட்டினத்துக்கே வருவோம். முத்தாரம்மன் கோயில் தசரா நாடறிந்தது. ஊர் ஊராகக் குழு சேர்ந்து, காளி, குரங்கு, போலீஸ், பிச்சைக்காரர் என வேடம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கிக் கடற்கரைக்கு வருகிறார்கள். வேடத்துக்குள் எல்லோரும் ஒன்று என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் சாதிக் கொடி, சாதி அடையாள ரிப்பன், பனியன் கூடாது. உலோகத்தாலான வேல், வாள், சூலம் கூடாது என்று காவல்துறை அறிவிப்புக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எல்லோரும் ஒன்றென்றால் அந்த அறிவிப்பு எதற்கு? ஆயுதத்தையும் சாதி ரிப்பனையும் ஒரே பட்டியலில் வைத்த காவல்துறை, நம் கலாச்சார ஆர்வலர்களைவிட உண்மையைத் தெளிவாகப் பார்த்திருக்கிறது. ஆனால் அது திருவிழாவுக்கு மட்டுமான பார்வை. திருவிழா முடிந்த மறுநாள் மாலை பிள்ளைகள் அவரவர் தெருக் களத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

‘தெருக்கூடங்கள் இல்லையென்றால் இந்தக் கலையே அழிந்திருக்கும்’ என்று ஒரு வாதம் வரும். பாதி உண்மை. ஒடுக்கப்பட்ட ஒவ்வொரு சமூகமும் ஒரு கட்டத்தில் தன்னைக் காத்துக்கொள்ளக் கம்பெடுத்திருக்கிறது. கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக நாடார்கள் 1897 முதல் வழக்கில் இழுக்கப்பட்டு, 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றார்கள். இடையே 1899இல் சிவகாசியில் ஊரே தாக்கப்பட்டபோது எதிர்த்து நின்றார்கள். அந்தத் தற்காப்பு மரியாதைக்குரியது. அதே வரலாற்றைக் கொண்ட எந்தச் சமூகமும் தனக்குக் கீழே தள்ளப்பட்டவர்களுக்குக் களத்தை மூடினால், தன் பாட்டன் நின்ற பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் போய்விட்டது என்றுதான் பொருள்.

‘தலித்துகள் தனிக் கூடம் நடத்தட்டுமே’ என்பது இன்னொரு வாதம். நடத்துகிறார்கள், நடத்தட்டும். ஆனால் அரசுப் பணமும் ஒதுக்கீடும் வந்துவிட்ட ஒரு விளையாட்டு இனி தெருச் சொத்தாக இருக்க முடியாது. பொதுப்பணம் வாங்கும் கலை பொதுவெளிக்கு வர வேண்டும்.

அதற்குப் பெரிய புரட்சி வேண்டாம், சில எளிய விதிகள் போதும். அரசின் அங்கீகாரம் பெறும் கூடங்கள் அரசுப் பள்ளித் திடலிலோ ஊராட்சி மைதானத்திலோ நடக்கட்டும். தலித் ஆசான்களையும் பெண் ஆசான்களையும் அரசு தேடிப் பிடித்துப் பயிற்றுநர்களாக நியமிக்கட்டும். ஜோடிப் பயிற்சியில் ஒவ்வொரு மாணவரும் மற்ற எல்லோரோடும் மாறி மாறி நிற்பது கட்டாயமாகட்டும். பரிந்துரையும் சான்றிதழும் ஒருவர் கையில் இல்லாமல் குழுவின் கையில் இருக்கட்டும். சாதி அடையாளக் கயிறும் பனியனும் களத்துக்கு வெளியே நிற்கட்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இதைப் படிக்கும் தோழர்களில் பலர் இருபதுகளில் இருப்பவர்கள். கம்பு கற்க ஆசைப்படுபவர்களும் இருப்பீர்கள். உங்கள் ஊரில் ஒரு தலித் ஆசான் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால் அவரிடம் போய்ச் சேருங்கள். உங்கள் தம்பி தங்கைகளையும் கூட்டிப்போங்கள். மேடையில் அவருக்குத் துண்டு போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவருக்கு இன்று வேண்டியது மாணவர்கள்.