கூடு பறித்தவரே காவலர் ஆனார்!
வேடந்தாங்கலும் அந்தமானும் சொல்லும் பாடம்

சட்டம் போட்டால் பறவை பிழைத்துவிடுமா? பிழைக்காது. பக்கத்தில் வாழும் மனிதன் மனம் வைத்தால்தான் பிழைக்கும். இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்துக்கு அருகே வேடந்தாங்கல் இருக்கிறது.

மழைக்காலம் வந்ததும் ஏரியில் தண்ணீர் ஏறுகிறது. தண்ணீருக்கு நடுவே குட்டித் தீவுகள் போல நிற்கும் கடப்ப மரங்களில், நத்தைக்குத்தி நாரையும், வக்காவும், கூழைக்கடாவும், நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. பறவைகளின் எச்சம் ஏரியில் விழுகிறது. அந்த நீர் வயலுக்குப் பாய்கிறது. அதுவே உரம்! பறவையைக் காப்பது தங்கள் பயிரைக் காப்பது என்று அவ்வூரார் பல தலைமுறைக்கு முன்பே கண்டுகொண்டார்கள்.

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் சும்மா இருக்கவில்லை. கலெக்டரிடம் முறையிட்டார்கள். 18-ம் நூற்றாண்டின் இறுதியில், கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுடைய உரிமையை ஏற்றுக்கொண்டார். தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் அது!

இருட்டுக் குகையில் ஒரு பறவை

இனி அந்தமானுக்குப் போவோம். அங்கே குகைச் சுவர்களில் கூடு கட்டும் உழவாரன் இனக் குருவி ஒன்று உண்டு. சிறகடிக்கும் இருட்டில் ‘டிக் டிக்’ என்று ஒலி எழுப்பி, அது திரும்பி வருவதைக் கேட்டே வழி அறியும். தன் உமிழ்நீரையே இழையிழையாகப் பூசிக் கிண்ணம் போல் கூடு கட்டும். அந்தக் கூடுதான் அதற்கு எமன். சீனர்கள் அதைச் சூப் வைத்துக் குடிக்கிறார்கள். விலையோ மிக அதிகம்.

ஏணி வைத்து ஏறி, முட்டை இடுமுன்பே கூட்டைப் பெயர்த்தார்கள். குஞ்சு இருந்தாலும் விடவில்லை. 1990-களில் நடந்த ஆய்வு, 10 ஆண்டுகளில் சுமார் 80 சதவீதம் குறைந்துவிட்டதாகக் காட்டியது.

ஆய்வு செய்தவர் ரவி சங்கரன். கோவையை அடுத்த ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்தவர். காட்டின் உள்ளே கிடக்கும் குகைக்குச் சட்டம் மட்டும் காவல் நிற்காது என்று கண்டார். கூடு பறித்தவர்களையே காவலுக்கு அமர்த்தும் திட்டம் வனத்துறையின் துணையோடு உருவாயிற்று. எந்தப் பிளவில் எத்தனை கூடு என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

வடக்கு அந்தமானின் சாலிஸ்ஏக் குகைகளில் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். குஞ்சுகள் பறந்துபோகும்வரை கூட்டில் கை படவில்லை. காவல் உள்ள குகைகளில் பறவைகள் பெருகின. முட்டைகளை உறவினப் பறவையின் கூட்டில் வைத்து வளர்க்கும் முயற்சியும் நடந்தது. ரவி சங்கரன் 2009-ல் காலமானார். அவர் காட்டிய வழி இருக்கிறது.

பயன் அற்றுப்போனால்?

இரண்டு இடத்திலும் அடிப்படை ஒன்றே. காப்பவனுக்குப் பயன் இருந்தது. ஒரு இடத்தில் உரம். மற்ற இடத்தில் கூலி. கூலி நின்றால் பழைய ஏணி மீண்டும் குகைக்குள் வரும். ரசாயன உரம் மூட்டையாகக் கடையில் கிடைக்கும் காலத்தில், எச்சத்தின் மதிப்பும் முன்போல் இல்லை.

வேடந்தாங்கல் சரணாலயம் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை பரவியது. 2020-ல் வெளிப்புற 2 கிலோமீட்டரை நீக்கும் யோசனை எழுந்தது. எதிர்ப்புக் கிளம்பவே அது கைவிடப்பட்டது. 2022-ல் வேடந்தாங்கலும் அருகில் உள்ள கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. மகிழ்ச்சியே! ஆனால் பறவை ஏரியில் கூடு கட்டுகிறதே தவிர, இரை தேடுவது சுற்றுப்புற வயலிலும் குளத்திலும்தான். அங்கே நத்தையும் மீனும் செத்தால், ஏரியில் உள்ள குஞ்சு பட்டினி கிடக்கும்.

ஆகவே, வேலி போடுவதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. வெடியை விட்டுக்கொடுத்த கிராமத்துக்குச் சுற்றுலா வருவாயில் உரிய பங்கு கிடைக்கவேண்டும். காவல் இருக்கும் தீவு மக்களுக்கு ஆண்டுதோறும் தவறாமல் ஊதியம் சேரவேண்டும். பறவையைக் காப்பவன் வயிறு நிறைந்தால், பறவையின் கூடும் நிலைக்கும்.