வாசலை அடைத்துவிட்டு வீட்டுக்கு வெள்ளையடித்தல்

கடந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. நாவலடியிற் பிறந்து, ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்து, பின்னர் கனடாவுக்குப் புலம்பெயர்ந்த நண்பர். "அண்ணன், சுனாமி நேரம் எங்கட ஊரப்பற்றி நீங்க எழுதினதப் பிள்ளைகளுக்குக் காட்டுவமெண்டு தேடினன். கூகிளில காணல்ல. என்னட்ட இருந்த லிங்கும் வேல செய்யுதில்ல" என்றார்.

தேடிப் பார்த்தேன். நான் முன்னர் பணியாற்றிய பத்திரிகை (பெயர் வேண்டாம்) தனது இணையத்தளத்தைப் புதிதாக வடிவமைத்திருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. கைத்தொலைபேசியிலும் விரைவாகத் திறக்கிறது. ஆனால் பழைய பக்கங்கள் அனைத்தினதும் முகவரிகள் மாறிவிட்டன. பழைய முகவரியைச் சொடுக்கினால் 'பக்கம் காணப்படவில்லை' என்ற அறிவிப்பு வருகிறது. இல்லையேல் முகப்புப் பக்கத்திற் கொண்டுபோய் விடுகிறது. 2005 தை மாதம் நான் எழுதிய கட்டுரை அவர்களது களஞ்சியத்தில் எங்கோ கிடக்கிறது. அதற்குப் போகும் வழிதான் இல்லை.

தொழில்நுட்பப் பிரிவில் இருக்கும் இளைஞரிடம் விசாரித்தேன். "பழைய செய்திய ஆர் சேர் வாசிக்கிற?" என்றார். அதே மூச்சில், புதிய தளம் வந்தபின் தேடுபொறி வழியாக வரும் வாசகர் தொகை ஏன் சரிந்தது என்பது தங்களுக்குப் புரியவில்லை என்றும் சொன்னார். இரண்டும் ஒரே விடயம் என்பதை அவர் உணரவில்லை.

ஒரு பக்கத்தைத் தேடுபொறி மதிப்பதற்கு அதிலுள்ள எழுத்து மட்டும் காரணமன்று. அப்பக்கத்துக்கு வேறு தளங்கள் கொடுத்திருக்கும் சுட்டிகளும் காரணம். ஓர் ஆய்வேடு, ஒரு விக்கிப்பீடியாக் கட்டுரை, யாரோ ஒருவரின் வலைப்பதிவு என ஆண்டுக்கணக்கிற் சேர்ந்த சாட்சியம் அது. முகவரியைச் சொல்லாமல் மாற்றினால் அந்தச் சாட்சியம் பழைய முகவரியோடு அழிகிறது. புதிய பக்கம் அநாதையாக நிற்கிறது.

தமிழ்ப் பத்திரிகைகளுக்கு இந்த இழப்பு இரட்டிப்பானது. என் கட்டுரை முதலில் பாமினி எழுத்துருவில்தான் ஏற்றப்பட்டது. கண்ணுக்கு 'மட்டக்களப்பு' எனத் தெரிந்தது, கணினியைப் பொறுத்தவரை 'கே, எல், அரைப்புள்ளி, எல்' எனத் தொடங்கும் பொருளற்ற ஆங்கிலக் குறிகள். எந்தத் தேடலிலும் அகப்படாது. ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே எங்கள் ஊர்களின் பெயர்கள் தேடலுக்குள் வந்தன. அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த இடத்தை ஒரு வடிவமைப்பு மாற்றத்திற் பறிகொடுப்பது என்ன நியாயம்?

பரிகாரம் கடினமானதன்று. '301' எனப்படும் நிரந்தர வழிமாற்று அறிவுறுத்தல் ஒன்று உண்டு. 'இப்பக்கம் நிரந்தரமாக இன்ன முகவரிக்கு மாறிவிட்டது' என வழங்கி அறிவிக்கும் முறை அது. இவ்வழிமாற்றால் சுட்டிகளின் மதிப்புக் குறையாது எனக் கூகிள் தரப்பினர் 2016 இல் தெளிவுபடுத்தினர். குறைந்தது ஓராண்டாவது அதனை வைத்திருக்க வேண்டும் என்பது கூகிளின் ஆலோசனை. பத்திரிகையென்றால் என்றைக்கும் வைத்திருக்க வேண்டும் என்பேன் நான்.

வேலை தொடங்குமுன் பழைய முகவரிகள் அனைத்தையும் பட்டியலிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேரான புதிய முகவரியைக் குறிக்க வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது பயனற்றது; தேடுபொறி அதனை இல்லாத பக்கமாகவே கொள்ளும். பரீட்சார்த்தத் தளத்தில் இட்ட 'பட்டியலிடாதே' என்ற கட்டளையைத் திறப்பு நாளில் அகற்ற மறப்பவர்களும் உளர்.

எங்கள் கல்லடியைப் பாருங்கள். 1924 இல் திறக்கப்பட்ட சீமாட்டி மனிங் பாலம் ஒடுங்கியது, ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனங்களே போகலாம். அதற்கு அருகிலேயே புதிய பாலத்தைக் கட்டி 2013 இல் திறந்தார்கள். திறக்கும்வரை பழைய பாலமே வாவியைக் கடக்க வழிவிட்டது. திறந்ததும் இரு கரை வீதிகளையும் புதியதனுடன் இணைத்தார்கள். ஒருவரும் வாவிக்குள் விழவில்லை. இணையத்தளம் கட்டுபவர்களிடம் நான் கேட்பதும் இவ்வளவுதான்.

'இணைய ஆவணக் காப்பகத்தில் இருக்குமே' என்பர் சிலர். அங்கு எல்லாப் பக்கங்களும் சேமிக்கப்படவில்லை. இருந்தாலும், பழைய முகவரி தெரிந்தவருக்கே பெரும்பாலும் பயன். கூகிளில் ஊர்ப் பெயரைத் தட்டும் பிள்ளைக்கு அது கிட்டாது. நூலகம் திட்டத்தின் தன்னார்வலர்கள் 2005 முதல் எங்கள் பழைய அச்சுப் பிரதிகளைத் தேடித்தேடி மின்வடிவாக்கி வருகின்றனர். மின்வடிவிலேயே இருப்பதைப் பத்திரிகைகள் தம் கையாலேயே தொலைப்பது வெட்கக்கேடு.

நண்பருக்கு என் அலுமாரியிலிருந்த பத்திரிகை நறுக்கைப் படமெடுத்து அனுப்பினேன். நாவலடியின் நினைவு ஒரு நிருபரின் அலுமாரியை நம்பியிருக்கலாகாது. ஆசிரியர்களே, அடுத்த வடிவமைப்பு ஒப்பந்தத்திற் கையொப்பமிடுமுன் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பழைய முகவரி ஒன்றேனும் அறுந்தால் வேலை முடிந்ததாகக் கொள்ளப்படமாட்டாது.