ஒரு நோய்க்கு எத்தனை டாக்டர்?

'காலையில எழுந்திருக்கவே முடியலைங்க... விரலை மடக்க வரலை' என்று உங்கள் மனைவி சொன்னால் வீட்டில் என்ன பதில் வரும்? 'வேலை செய்ய ஒடம்பு வணங்கலை' என்று மாமியார் முணுமுணுப்பார். 'ரத்தம் கம்மி, பேரீச்சம்பழம் சாப்பிடு' என்பார் பக்கத்து வீட்டு அம்மா. இப்படியே மாதக்கணக்கில் தள்ளிப் போடப்படுகிற ஒரு நோய்தான் லூபஸ்.

நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் நம் உடம்பையே தாக்குகிறது. வேலியே பயிரை மேய்கிற கதை! இது தொற்றுநோய் அல்ல. பாதிக்கப்படுகிறவர்களில் 10-ல் 9 பேர் பெண்கள். அதிலும் 15 வயதிலிருந்து 45 வயதுக்குள் வருவதுதான் அதிகம். கல்யாணம், பிரசவம், ஆபீஸ், குழந்தைகள் என்று ஓடுகிற வயசு!

கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். மூட்டு வலிக்கு எலும்பு டாக்டர். கன்னத்தில் சிவப்புத் தடிப்புக்குத் தோல் டாக்டர். விட்டு விட்டு வரும் காய்ச்சலுக்குத் தெருமுனை டாக்டர். வாய்ப்புண்ணுக்கு நாமே வாங்கும் பி காம்ப்ளெக்ஸ். முடி கொட்டினால் இருக்கவே இருக்கிறது எண்ணெய்! ஒருவரிடம் சொன்னதை இன்னொருவரிடம் நாம் சொல்வதே இல்லை. பிறகு டாக்டரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

ஒரே டெஸ்ட்டில் தெரிந்துவிடுமா? தெரியாது. 'ஏ.என்.ஏ.' என்ற ரத்தப் பரிசோதனை லூபஸ் உள்ளவர்களில் அநேகமாக எல்லோருக்கும் பாசிட்டிவ் என்று வரும். நோயே இல்லாத சிலருக்கும் அப்படி வரும். எனவே ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நீங்களாக முடிவு கட்டாதீர்கள். அறிகுறிகளையும் மற்ற பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் ருமட்டாலஜிஸ்ட் எனப்படும் மூட்டு, வாத நோய் நிபுணர் சொல்வார். சிறுநீர்ப் பரிசோதனையை மட்டும் தட்டிக் கழிக்காதீர்கள். வலியே தெரியாமல் கிட்னியைக் கெடுக்கக்கூடிய நோய் இது. சிறுநீரில் புரதம் போவதை ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் காப்பாற்ற வழியுண்டு.

அடியோடு ஒழிக்கும் மருந்து இன்னும் இல்லை. அடக்கி வைக்க மருந்து உண்டு. மலேரியாவுக்குக் கொடுத்து வந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்தான் இன்றும் அடிப்படை மாத்திரை. அதைச் சாப்பிடுகிறவர்கள் கண் டாக்டரிடமும் காட்டிக்கொள்ள வேண்டும். 'முகம் ஊதுது' என்று ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. படிப்படியாகக் குறைப்பது டாக்டர் வேலை. வெயில் நோயைக் கிளப்பிவிடும், குடை அவசியம். குழந்தை? நோய் 6 மாதமாவது அடங்கியிருந்து, டாக்டரைக் கேட்டு மருந்துகளைச் சரிசெய்து கொண்டால் பெரும்பாலோர் பெற்றுக்கொள்ளலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். என்ன தொந்தரவு, எந்தத் தேதி, என்ன மாத்திரை... எல்லாவற்றையும் எழுதி, ஒரே டாக்டரிடம் மொத்தமாகக் காட்டுங்கள்.

கணவன்மார்களே! அடுத்த முறை 'முடியலைங்க' என்று குரல் கேட்டால், 'சரி, அந்த நோட்டை எடு. டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்' என்று சொல்லுங்கள். சிகிச்சை அங்கேதான் ஆரம்பிக்கிறது.